அந்தப் பெயர் உங்களுடையதுதான், அண்ணை

அன்புள்ள எர்னெஸ்தோ அண்ணை,

தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நாங்கள் இத்தனை வருடமாகப் பேசிய நொண்டி நோர்வேஜிய மொழியை எழுத்தில் கொண்டுவர முடியாதே. அதைப் பேசத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்தான் மிச்சம். நான் வாய் திறந்தால் பேரப்பிள்ளைகள்கூடத் திருத்துகிறார்கள். நீங்கள் ஒருநாளும் திருத்தியதில்லை. உங்களுக்கும் சரியாகத் தெரியாது.

எங்கள் ஊர் ஹொல்ம்லியாவில் புதினம் ஒன்றும் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கோலுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நேற்றும் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

முதன்முதலில் உங்களைக் கண்டதும் அங்கேதானே. நான் எங்கள் தமிழ் அணியின் கோல்காப்பாளன். இடைவேளையில் வேலிக்கு வெளியே இருந்து கூப்பிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்கள். சமையல் என்றேன். அதையே விடாமல் செய், இது உனக்குச் சரிவராது என்றீர்கள். பொல்லாத கோபம் வந்தது. அடுத்த கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வந்து இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டபோதுதான் உங்கள் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தது. தொழிற்சாலை விபத்து என்றீர்கள். நானும் நம்பினேன்.

உண்மையைச் சொன்னது என் மனைவி இறந்த குளிர்காலத்தில். என்னைத் தனியே விடக்கூடாது என்று நாள்தோறும் வந்து இருந்தீர்களே, அப்போது.

சிலியின் தெற்கில் கடலோர நிலக்கரி ஊர். தகப்பன் சுரங்கத் தொழிலாளி. வெறுங்கையால் பந்து பிடித்துப் பழகிய உங்களைத் தலைநகரக் கழகம் ஒன்று கூட்டிப்போனது. கோல்காப்பாளருக்குக் கையுறை இல்லாத காலம். மழையில் தோல்பந்து ஊறிக் கல்லாகக் கனக்கும். நாட்டுக்காக ஒரேயொரு ஆட்டம் ஆடினீர்கள், தேசிய மைதானத்தில். மூன்று கோல் வாங்கினீர்கள், ஒரு பெனால்டியைப் பிடித்தீர்கள். பத்திரிகைக்காரர் அந்த மூன்றைப் பற்றி மட்டும் எழுதினார்கள் என்று சிரித்தீர்கள். உங்கள் நாட்டிலேயே உலகக் கிண்ணம் நடந்தபோது விரல் முறிந்து பார்வையாளரோடு இருந்தீர்கள். பிறகு நெசவாலை வேலை, தொழிற்சங்கம். அதற்குப் பிறகு இராணுவ ஆட்சி.

பிடித்துக்கொண்டுபோய் அடைத்தது அதே மைதானத்தில். அன்றைக்கும் படிக்கட்டு நிறையச் சனம்தான், ஆனால் எல்லோரும் கைதிகள். உங்களை வைத்திருந்தது வீரர்கள் உடைமாற்றும் அறையில். ஒருகாலத்தில் நீங்கள் சட்டை கொழுவிய கொழுக்கி சுவரில் அப்படியே இருந்ததாம். ஒரு இளம் சிப்பாய் உங்களை உற்றுப் பார்த்து, அந்தப் பெனால்டியைப் பிடித்த எர்னெஸ்தோ நீங்களா என்று கேட்டான். சின்ன வயதில் தகப்பனோடு வந்து பார்த்தானாம்.

"அது நான் இல்லையெண்டு சொன்னன்," என்றீர்கள். "அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் ஓம் எண்டு சொல்லேல்லை."

பயமா, அண்ணை? இல்லை, அவன் கண்ணுக்கு முன்னால் அந்தக் கோலத்தில் நிற்க வெட்கமா? அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. இனி யாரிடம் கேட்பது?

நீங்கள் போன எட்டாம் நாள், எங்கள் வழக்கப்படி எட்டுச்செலவு செய்தேன். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, ஒரு கிளாஸ் சிவப்பு வைன். கடவுளே வேண்டாம் என்ற மனிசனுக்கு இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது. செத்த வீடென்றால் சனம் நிறையும். என் வீட்டில் கதிரைகள்தான் நிறைய இருந்தன. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன என் மகனுக்கு வேலை. உங்கள் மகள் லூசியா மட்டும் வந்தாள்.

வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. உங்கள் பழைய கழகத்தார் அவளைத் தேடிப்பிடித்துப் பேசியிருக்கிறார்கள். உங்கள் சாம்பலைத் தேசிய மைதானத்துக் கோலடியில் புதைப்பார்களாம், ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொல்வார்களாம். அப்பாவை யாரும் மறக்கவில்லை என்று சொல்லி அழுதாள்.

பேசாமல் இருந்திருந்தால் அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். போய், உங்களை அந்த அறைக்குப் பக்கத்திலேயே என்றைக்குமாக விட்டுவிட்டு வந்திருப்பாள். சொல்லிவிட்டேன், அண்ணை. கொழுக்கிக்கு நோர்வேஜியச் சொல் வராமல், சுவரில் தொங்கிய என் ஜாக்கெட்டை எழும்பிப் போய்க் காட்டினேன்.

நீங்கள் அங்கே கைதியாக இருந்தது அவளுக்குத் தெரியும். சிப்பாய்க்குச் சொன்ன பதில் தெரியாது. கேட்டு முடிந்ததும் உங்களுக்குப் படைத்த வைனை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"அப்பாவை அங்கை விடமாட்டன்," என்றாள். "ஆனா கொண்டுபோவன். அப்பாவின்ரை பேரை அவையள் சத்தமாச் சொல்லட்டும். பிறகு விளையாட்டுக்காரர் வாற வாசலாலை நானே அவரை வெளியிலை கூட்டிக்கொண்டு வருவன்."

போன கிழமை உங்களோடு விமானம் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

மகன் தொலைபேசியில் விடுகிறானில்லை. இனி ஹொல்ம்லியாவில் என்ன இருக்கிறது, தங்களோடு வந்திருக்கட்டாம். என்ன இருக்கிறதென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இடியப்ப உரலைக் கழுவி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். ஒரு ஆளுக்காக யார் பிழிவார்கள்? தனிமையாக இருக்கிறது, அண்ணை. சுற்றிவளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான்.

ஆனாலும் லூசியா உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்வரை நான் இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் வந்து நிற்பேன். இது சத்தியம்.

நீங்கள் எனக்கு ஒன்றே ஒன்று செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அது நான் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேலிக்கு வெளியே இடம் விட்டு நிற்கும்
உங்கள் தம்பி,
சிவநேசன்