மெல்போர்னுக்குப் போகும் ஊதாச் சேலை

என்னைத் திட்டுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த அக்காவுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு. அதை மட்டும் மாற்றியிருக்கலாம். நாளைக் காலையில் நான் காரில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, சென்னை போய், அங்கிருந்து மெல்போர்னுக்குப் பறக்கிறேன். மலையின் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறவள் நான். நீ போயிருக்க வேண்டிய பயணம் இது.

இன்னொரு சேதி உனக்கே தெரியும். நீ செத்துப்போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

தை மாதம், மிளகு காயவைத்த களத்திலேயே நீ சாய்ந்தபோது அவளுக்கு ஆறாம் மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்று சொந்தபந்தம் எல்லாம் ஒரே வாயாகச் சொன்னது. மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார். பொய் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். நம்பினாள். பிரசவம் முடிந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்ற மாப்பிள்ளை, முடிந்ததும் நீங்களே நேரில் வந்து சொல்லுங்க அத்தை என்று நழுவிக்கொண்டார். அவரைச் சொல்லி என்ன, எனக்கு மட்டும் தைரியம் எங்கே இருக்கிறது?

அதனால் பெட்டியில் வைக்கிற ஒவ்வொன்றையும் நீ கொடுத்தனுப்புவதாக நினைத்தே எடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு நம் காட்டுக் காப்பித்தூள். அவளுக்குச் சேந்தமங்கலத்தில் சொல்லிச் செய்த பிரசவ லேகியம். அவளுக்குப் பத்திய ரசம் வைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ஒரு கிலோ மிளகு. பலாப்பழம் என்றதுமே டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பழம், விதை, மண் ஒட்டிய எதுவும் ஆகாதாம். மற்றவற்றையும் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே எடுத்துக் காட்டிவிட வேண்டுமாம்.

இதெல்லாம் சுலபம். போன வாரம் பூங்கொடி ஒன்று கேட்டாள் பார், அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

"சின்னம்மா, அம்மா கட்டுன பழைய நூல் சேல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பாப்பாவுக்குத் தூளி கட்டோணும்."

எங்கே போவேன்? செத்தவர்கள் துணி வீட்டில் இருக்கக் கூடாதென்று மூன்றாம் நாளே உன் பெட்டியைத் துடைத்து எடுத்துவிட்டோம். மூட்டை கட்ட வேறு துணி கிடைக்காமல், மஞ்சள் கரை போட்ட உன் ஊதாச் சேலையை விரித்து அதிலேயே எல்லாவற்றையும் கட்டி ஆற்றோடு விட்டேன். முடிச்சுப் போட்டது இந்தக் கைதான். மூட்டை பாறையில் முட்டி, திரும்பி, போனதை நின்று பார்த்தேன். அப்படியே கிடைத்தாலும், பிறந்த குழந்தையைச் செத்தவள் சேலையில் போடலாமா?

ஆகவே இன்னொரு பொய்க்குத் துணிந்தேன். நாமக்கல்லில் ஒரு நூல் சேலை வாங்கி, மூன்று நாள் துவைகல்லில் அடித்து அடித்துப் பழசாக்கினேன். பக்கத்தில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நேற்று மத்தியானம், நல்ல வெயிலில் அதைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது பூங்கொடி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அம்மா இன்றைக்குப் போன் பண்ணினாள், தொண்டை சரியாகிவிட்டது போல, குரல் கணீரென்று இருந்தது என்றாள்.

ஈரக் கையோடு கொடியைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னாள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"புதுசைத் தொவச்சு ஏமாத்த வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. சேல சாமை டிரம்முல அடியில இருக்குதாம்."

என்னமோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டு உன் வீட்டைத் திறந்தேன். பீரோவுக்குள் மஞ்சள் பையில் சுற்றி வைத்த உன் பட்டன் போன் அப்படியே கிடந்தது. பேட்டரி தனியாக, உப்பிப்போய். உயிரோடு இருந்தபோதே நீ மிஸ்டு காலுக்கு மேல் கொடுத்தவள் இல்லையே அக்கா.

டிரம்மில் பாதிக்குச் சாமை இருந்தது. முழங்கை மறையக் கையை விட்டேன். அடியில் துணி தட்டுப்பட்டது. ஊதாச் சேலை. காய்ந்து, கரையை உள்ளே வைத்து நீ மடிக்கிற மாதிரியே மடித்து, வெயில் வாசத்தோடு. ஒரு முனையில் முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் மிளகு வியாபாரியின் தராசில் பெட்டியை எடை போட்டோம். சரியாக இருபத்து மூன்று கிலோ, பிளேனில் விடுகிற அளவு. உன் சேலையை மேலே வைத்தேன். முள் அசையவில்லை. தராசு பழசு என்றார் அவர்.

நாமக்கல் சேலையை என் வீட்டு அடுப்படிக்குக் கரித்துணியாகக் கிழித்துவிட்டேன். நீ சொன்னது புரிந்தது, போதும். சேலை ஆகுமா ஆகாதா என்று இனி யாரையும் கேட்கப்போவதில்லை. அது உன் பேத்தியின் சேலை, நீயே எடுத்து வைத்தது. ஆனால் பூங்கொடி தன் மகளை அதில் போடும்போது அது யாருடைய சேலை, அதைக் கட்டியவள் இப்போது எங்கே என்று தெரிந்துதான் போட வேண்டும். அறியாமல் போட்டால் அதுதான் பாவம்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறக்க மாட்டேன். முதலில் அவளை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும், முகத்தில் விழிக்காதே என்றால் வாசலில் நிற்கிறேன். அவள் அழுது முடித்த பிறகுதான் சேலையை எடுப்பேன்.

அதுவரை நீ அவளுக்கு மறுபடி கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டுவிட்டு நிற்பவளிடம், நீ செத்துவிட்டாய் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஒரு சந்தேகம். இந்த மூன்றரை மாதமும் உனக்காகப் பொய் சொன்னவள் நான். உன் மூட்டைக்கு முடிச்சுப் போட்டவள் நான். என்னிடம் மட்டும் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு தடவை எனக்குக் கூப்பிடு. மிஸ்டு கால் போதும். திருப்பி எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் முந்தானையைப் பிடித்தே நடக்கப் பழகிய,
உன் தங்கச்சி