கண்ணை மூடாத குடும்ப ஜெபம்

மார்ச் 3
வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதும். நேற்றுத் தம்பதியர் கூட்டத்தில் போதகர் என் மனைவியிடம் கேட்டார்: "வீட்டுக்காரர்கிட்ட மாத்த வேண்டிய குணம் ஒண்ணு சொல்லுங்கம்மா."
"ஒண்ணு மட்டுமா ஐயா?" என்றாள்.
சபையே சிரித்தது. போதகர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கல்லூரியில் தர்க்கவியல் கற்பிக்கிற நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
சபை இதழில் 'மகிழ்ச்சியான மணவாழ்வு' என்றொரு பகுதி வருகிறது. அதில் இவள் வண்டவாளம் முழுவதையும் எழுதப்போகிறேன். அதுவரை இவளோடு பேச்சே கிடையாது.

மார்ச் 5
பேசாமல் ஒரே மேசையில் சாப்பிடுவது பெரிய தண்டனை. ஆனால் குடும்ப ஜெபம் ஆண்டவரோடு பேசுவதுதானே? கணக்கில் வராது.
"ஆண்டவரே, உப்பில்லாத சாப்பாட்டுக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன்.
அடுத்து அவள் முறை. "பிதாவே, ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுறவங்களுக்கும் இரங்கும்."
மகள் ஆமென் சொல்ல முடியாமல் சிரித்தாள்.

மார்ச் 6
துண்டைக் கொடியில் போட்டேன். அவளுக்காக அல்ல.

மார்ச் 7
சாப்பாட்டில் உப்பு. கரித்தது. வேண்டுமென்றேதான்!

மார்ச் 9
"கடவுளைத் தபால்காரர் ஆக்கிட்டீங்களேப்பா" என்றாள் மகள். "அடுத்த மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். இதுதான் கல்யாணம்னா எனக்கு வேணாம்."
"ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா? எனக்கு என்ன வயது?

மார்ச் 10
ஜெபத்தில் அவள் முறை வந்தது.
"ஆண்டவரே, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சதும் இவர் முகம் வாடிப்போச்சு. நான் பார்த்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு நீரே சொல்லக்கூடாதா? நான் சொன்னா கேக்க மாட்டார்."
கண்ணைத் திறந்தேன். அவள் கண்ணை மூடவே இல்லை. என்னைப் பார்த்தபடியேதான் ஜெபித்திருக்கிறாள்.
"ஜெபத்துல கண்ண மூடணும்" என்றேன்.
"நீங்க மூடியிருந்தா எப்படித் தெரிஞ்சுதாம்?"
"ஆமென்!" என்று மகள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 12
மகள் காலையிலிருந்து தோழிகளை நிச்சயதார்த்தத்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறாள்.
கட்டுரை முடிந்தது. உப்பும் துண்டும் தவிர வண்டவாளம் ஏதும் இல்லை. ஒரே ஆலோசனைதான்: சண்டை என்றால் சேர்ந்து ஜெபியுங்கள், கண்ணை மூடாமல்.
அவள் வாசித்துவிட்டு, "அந்த உப்பு விஷயத்தை எடுத்துடுங்க" என்றாள். எடுக்கவில்லை.
நாளை தபாலில் சேர்க்கிறேன், பெயர் போடாமல். யார் எழுதியது என்று போதகர் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். மேசையைத் தட்டிய அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.