முதிகா மரத்துக் காயத்தின் அளவு

மொம்பாசா
10 மார்ச் 1991

அன்புத் தம்பி முச்சோக்கிக்கு,

அக்கா நியாவிரா எழுதுவது. உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். காசத்துக்கு அறுபது ஊசி முடிந்தது. இனி பத்து மாதம் மாத்திரை. துறைமுகத்தில் இன்னும் வேலைக்குச் சேர்க்கவில்லை. நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து இருமுகிறார். நான் மீன் பொரித்து விற்றுவிட்டு வந்து அவர் துணியை அலசிப் போடுகிறேன்.

ஒன்று கேட்பேன், கோபப்படாதே. ஊசி ஆரம்பித்த வாரம், ஊரில் இவருடைய சித்தப்பா கிராகு, இவர் பெயரைச் சொல்லி முதிகா மரத்தில் பட்டை உரித்து அனுப்பினார். அந்தப் பட்டையின் காரக் கஷாயத்தைத்தான் தினமும் குடிக்கிறார். மரத்தின் காயம் மூடும்போது நெஞ்சுப் புண்ணும் மூடுமாம். மரம் உன் வனக் குடியிருப்புக்குப் பக்கத்தில்தானே, போய்ப் பார்த்து எழுது. "சித்தப்பா எனக்காகக் கூட்டிக் குறைச்சுச் சொல்வாரு. உன் தம்பி அளக்கட்டும், அவனுக்குப் பொய் சொல்ற அளவுக்குப் பொறுமை கிடையாது" என்கிறார்.

உன் அக்கா,
நியாவிரா


வனக் குடியிருப்பு, நியேரி
24 மார்ச் 1991

அக்காவுக்கு,

வனத்துறையில் மூன்று வருடம் என்னைப் படிக்க வைத்தது மரங்களை அளக்க. அத்தானின் நெஞ்சை அளக்க அல்ல. இருந்தாலும் போனேன்.

காயம் கிழக்குப் பக்கம், மார்பு உயரத்தில். அகலம் 52 மில்லிமீட்டர். ஓரங்களில் புதுப்பட்டை வருகிறது. மழை பெய்கிறது, அதனால் வருகிறது. வேறு காரணம் இல்லை.

கிராகு சித்தப்பா வேலியோரம் நின்று, "என்னடா, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா? கழுத்தளவும் எடுத்துக்கோ" என்றார்.

காசத்தை ஆற்றுவது மாத்திரை. இதையும் அத்தானுக்குப் படித்துக் காட்டு.

முச்சோக்கி


மொம்பாசா
2 ஜூலை 1991

அன்புத் தம்பிக்கு,

மே மாதம் நீ எழுதிய 31, ஜூனில் எழுதிய 19, இரண்டையும் கரியால் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். இருமல் குறைந்துவிட்டது. ஊகாலிக் களி ஒரு தட்டு முழுதாகச் சாப்பிடுகிறார். ஆனால் மாத்திரை போட்டால் குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு. தினமும் காலையில் கெஞ்சி, சண்டை போட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது, தம்பி.

நேற்று சொல்கிறார், "மரம் மூடின அன்னைக்கு இந்தச் சனியனைக் கடல்ல போடறேன் பாரு." மாத்திரை ஜனவரி வரைக்கும் இருக்கிறது. மரத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? இனிமேல் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுது. உனக்குப் புரியும்.

நியாவிரா


நியேரி
15 செப்டம்பர் 1991

அக்காவுக்கு,

கூட்டி எழுத மாட்டேன். இங்கே மரம் வாங்க வருகிற ஒவ்வொருவனும் அளவைக் கூட்டு, குறை என்கிறான். உனக்காக ஒருமுறை எழுதினால் நாளைக்கு எவனுக்காகவோ எழுதுவேன்.

காயம் மூடிவிட்டது. அகலம் பூஜ்யம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். அத்தான் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை.

முச்சோக்கி


மொம்பாசா
20 நவம்பர் 1991

முச்சோக்கிக்கு,

உன் கடிதத்தை நான் ஒளித்து வைப்பதற்குள் தபால்காரரிடமிருந்து இவரே வாங்கிவிட்டார். அன்று சாயங்காலமே படகில் போய், நடுத்தண்ணீரில் மாத்திரைப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வந்தார். ஆறு வாரம் நன்றாக இருந்தார். பாட்டுக்கூடப் பாடினார். போன திங்கட்கிழமை இருமியதில் கோப்பை நிறைய ரத்தம்.

டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார், மறுபடி அறுபது ஊசி. இல்லையென்றால் ஈஸ்டரைப் பார்க்க மாட்டார் என்று வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இவர் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். "மரம் மூடியாச்சு. உன் தம்பியே எழுதியிருக்கான். அப்போ இது நோய் இல்லடி, எவனோ பண்ணின செய்வினை. ஊசி எதுக்கு?"

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. நீ எழுதியது உண்மைதான்.

நியாவிரா


நியேரி
29 நவம்பர் 1991

அக்காவுக்கு,

கடிதம் நேற்றுக் காலை வந்தது. உறையில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். இரண்டாவதை அத்தானிடம் கொடு. இதை அடுப்பில் போடு.

மத்தியானமே கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனேன். பட்டை வெட்டுகிறவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். சித்தப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தத் தடவை யாருக்குடா?" என்றார். அதே ஆளுக்குத்தான் என்றேன்.

புதுப்பட்டை மெல்லியது, சுலபமாக வந்துவிட்டது. உள்ளே மரம் சுத்தமாக இருந்தது; பூச்சி இல்லை, அழுகல் இல்லை. நல்ல மரம். அத்தானிடம் அதைச் சொல்லாதே.

ஜூலையில் நீ கேட்டபோதே செய்திருக்கலாம்.

முச்சோக்கி


29 நவம்பர் 1991

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நேற்று மரத்தைப் பார்த்தேன். காயம் திறந்திருக்கிறது. கிழக்குப் பக்கம், மார்பு உயரம், அகலம் 63 மில்லிமீட்டர். டேப்பை இரண்டு தடவை வைத்து அளந்தேன்.

நாளைக்கே ஊசியை ஆரம்பியுங்கள். மாதாமாதம் அளந்து எழுதுகிறேன்.

முச்சோக்கி