குட் பை சொல்ல மாட்டாத மச்சாளுக்கு

என் வாயாடி வசந்திக்கு,

நீ இல்லாமல் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. உன் மகளுக்குப் பதினாலு வயது, இப்போது உன்னைவிட உயரம். என் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஏசினால் உன்னைப் போலவே கண்ணை உருட்டுகிறாள். யாரிடம் போய் முறையிட?

நானும் அவளும் பின்னேரங்களில் இங்கிலிஷில் கதைத்துப் பழகுகிறோம். சிரிக்காதே! நான் வாயைத் திறந்தாலே அவள் திருத்தத் தொடங்கிவிடுவாள். நீயும் நானும் பழகிய காலத்தில் திருத்த யார் இருந்தார்கள்? உன் மனுசன், என் தம்பி, கனடாவுக்குப் போய், உன்னையும் பிள்ளையையும் கூப்பிடுகிறேன் என்று எழுதியதும் தொடங்கினோமே. குசினியில் மீன் வெட்டிக்கொண்டே நீ விருந்தாளி, நான் வீட்டுக்காரி. "சீ யூ லேட்டர்", "டேக் கெயார்" எல்லாம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குட் பை என்றால் மட்டும் வாயில் பூட்டு.

"அது போறன் எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு மச்சாள். வாசல்ல நிண்டு ஆரும் போறன் எண்டு சொல்லுறதோ?"

"வெள்ளைக்காரர் சொல்லுகினம்தானே?"

"அவை சொல்லட்டும். நான் போட்டு வாறன் எண்டுறதை ஐ கோ அண்ட் கம் எண்டுதான் சொல்லுவன்."

சொன்னாயே, அதுவும் யாரிடம்? உப்புவெளியிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரனிடம்! அடையாள அட்டையை அவன் திருப்பித் தந்ததும், "ஐ கோ அண்ட் கம், சேர்" என்றாய். ஏன் திரும்பி வருகிறாய் என்று அவனுக்குச் சந்தேகம். பையைக் கொட்டச் சொன்னான். வெங்காயமெல்லாம் ரோட்டில் உருண்டது. நான் குந்தியிருந்து பொறுக்கினேன். நீயோ பஸ்ஸில் ஏறியதும் விழுந்து விழுந்து சிரித்தாய். "சரியாத்தானே சொன்னனான்? பின்னேரம் இதாலதானே திரும்பி வருவம்?"

உனக்குக் காய்ச்சல் வந்த கிழமை ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டது. வாகனத்தில் ஏற்றும்போதும் "போட்டு வாறன் மச்சாள்" என்றாய். "ஓம், போட்டு வா" என்றேன். நீ வரவில்லை. பிள்ளையை நான் பார்ப்பேன் என்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உன்னிடம் ஒளிக்க ஏலாது, வசந்தி. தம்பியின் குடியுரிமை அலுவல்கள் வருடக்கணக்கில் இழுபட்டு, மகளுக்கு விசா வந்து இரண்டு மாதமாகிறது. நான் அவளிடம் சொல்லவில்லை. கடதாசியை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஓம், களவுதான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

போன கிழமை அவளோடு படிக்கிற பிள்ளை ஒன்று டியூஷனுக்குப் போனது, வீடு திரும்பவில்லை. இயக்கத்தில் சண்டைக்குச் சேர்க்கவென்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தத் தாய் ரோட்டில் விழுந்து கதறியதைப் பார்த்துவிட்டு வந்து அலுமாரியைத் திறந்து கடதாசியை அவளிடம் கொடுத்தேன். மகள் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு வந்து, "நீங்கள் தனிய என்ன செய்வியள் மாமி?" என்று கேட்டாள்.

நாளை காலை கொழும்பு பஸ்; தம்பிக்குத் தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு போய் பிளேன் ஏற்றிவிடுவார். இன்று பின்னேரம் வாசலில் நின்று விடைபெறப் பழகினோம். இங்கிலிஷில் எல்லாம் வடிவாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில் என் கையைப் பிடித்து, "போட்டு வாறன் மாமி" என்றாள்.

"வராதை பிள்ளை," என்றேன். "இந்தச் சண்டை முடியுமட்டும் இந்தப் பக்கம் வராதை. குட் பை எண்டு சொல்லிப்போட்டுப் போ."

மாட்டேன் என்று அழுதாள். நான் விடவில்லை. சொல்ல வைத்தேன்.

நாளைக்கும் சொல்ல வைப்பேன், வசந்தி. பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளையை வளர்த்தவள்,
உன் மச்சாள் கமலா