பாய்மரத்துக்கு நகரும் கால்

மார்ச் 5
மிதக்கிறது! கார் கொட்டகையில் இரண்டு வருஷம் நான் கட்டிய படகு ஏரியில் மிதக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இல்லை.

பாயை ஏற்றியதும்தான் வினை. காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்புகிறது. சுக்கான் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் கைப்பிடியை ஆசையாகக் கேட்டு வாங்கினார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய இடது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒற்றைக் கையால் தாங்க முடியாமல் விட்டுவிட்டார். "நீயே ஓட்டு. நான் வேடிக்கை பாக்கறேன்." வேடிக்கை பார்க்கவா கட்டினேன்? அவர் ஓட்டத்தானே!

மார்ச் 6
அவர் கூடத்தில் சாப்பிட்டார், நான் சமையலறையில்.

மார்ச் 9
பாய் ரொம்பப் பின்னால் நிற்பதுதான் கோளாறு. பாய்மரத்தை முன்னே கொண்டுபோகலாம் என்றால், அதன் அடியைப் படகின் தரையோடு பசை போட்டு ஒட்டித் தொலைத்திருக்கிறேன். உளியால் பெயர்த்தேன். இனி நகரும் கால்: தேக்குக் கட்டையில் நீளமாக ஒரு பள்ளம், பக்கத்தில் வரிசையாகத் துளைகள், குறுக்கே பித்தளை ஊசி. ஊசியைப் பிடுங்கி, மரத்தின் அடியை நகர்த்தி, மறுபடி செருகலாம்.

நாத்தனார் போனில், "அண்ணி, கப்பல் எப்பக் கிளம்புது?" கிண்டல்தான். இருக்கட்டும்.

மார்ச் 14
அடியை இரண்டு துளை முன்னே தள்ளினேன். முன்னைவிட மோசம்! கைப்பிடி என் தோளையே கழற்றிவிடும் போலிருந்தது. கரையில் நின்ற இவர் மெதுவாக, "வித்துடலாமா?" என்றார். அழுகையா வந்துடுச்சு. முன்னாடி தள்ளினா ஏன் மோசமாகுது? எங்க தப்பு பண்ணேன்?

மார்ச் 15
காலையில் இவர் நாற்காலி முதுகின் சட்டங்களுக்கிடையே துடைப்பக் குச்சியைச் செருகி, அடியைக் காலால் முன்னே தள்ளினார். "தலை எங்க போச்சு பாரு."

பின்னால்! படகின் மேல்பலகைத் துளை மரத்தை இடையில் பிடித்திருக்கிறதே. அடி முன்னே போனால் உச்சி பின்னே சாயும். நான் பாயை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளியிருக்கிறேன். "நல்லா மல்லாக்கப் படுக்க வெச்ச, போ" என்று சிரித்தார். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு.

மார்ச் 17
அடியைப் பின்னே நகர்த்தினேன். மேல்பலகைத் துளையில் மரத்தை இறுக்கும் ஆப்புகளைப் புதிதாகச் சீவினேன். முன்பிருந்த இடத்திலிருந்து அடி நகர்ந்தது இரண்டு விரல்தான். உச்சியில் ஒரு முழம் முன்னே போய்விட்டது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன், கழுத்து வலிக்கும்வரை.

மார்ச் 21
நல்ல காற்று. கைப்பிடியைப் பிடித்தேன் — இழுக்கவே இல்லை. பயந்துகொண்டே கையை எடுத்தேன். படகு நேராகப் போகிறது! இவ்வளவு பெரிய காற்று, இவ்வளவு பெரிய பாய், எல்லாம் அந்த இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

இவரிடம் கொடுத்தேன். முதலில் வலது கை. கொஞ்ச நேரத்தில் வலது கையால் தொப்பியைச் சரிசெய்தார், பிறகு கரையைக் காட்டி ஏதோ சொன்னார். அப்போதுதான் கவனித்தேன். கைப்பிடி இடது கையில் இருந்தது.

திரும்பும்போது நானும் கொஞ்சம் ஓட்டுகிறேனே என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். தரவில்லை.