ஆறிலிருந்து பத்து வரை

ஆகஸ்ட் 28, வியாழன்

குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. எங்கள் எண்பது வீட்டுக்கும் வெளியிலிருந்து வருவது ஒரே மின் இணைப்பு. சங்கம்தான் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. மொட்டை மாடிகளில் சோலார் போட்டாகிவிட்டது, ஆகவே இனி இரண்டு விதக் கட்டணம். வேண்டியவர்கள் பழையபடி ஒரே விலையில் இருக்கலாம். அல்லது பகல்-இரவுக் கட்டணத்துக்கு மாறலாம்: மாலை ஆறிலிருந்து பத்து வரை விலை அதிகம், மற்ற நேரமெல்லாம் குறைவு. மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும்.

செயலாளர் கோதண்டராமன் வாசலிலேயே நின்று, "கம்பெனில கரன்ட்டோடவே குடித்தனம் பண்றவரு நீங்க. நீங்க சேந்தா மத்தவங்களும் தைரியமா வருவாங்க" என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனைவி செந்தாமரை அடுப்படியில்தான் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரகடம் ஆலையில், மாலையில் கிளம்பும் முன், ஆறு மணிக்கு மேல் ஓடக் கூடாத மெஷின்களுக்குச் சிவப்பு டேக் கட்டிவிட்டு வருவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன். இன்று ஒரு டேக் பையிலேயே தங்கிவிட்டது. தங்கிவிட்டது என்பது பொய். எடுத்து வந்தேன்.

முன்னறையில் செந்தாமரை மெர்சிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மெர்சி ஒரு கம்பெனியில் லைன் ஆபரேட்டர். ஆறரைக்குக் கம்பெனி பஸ் எங்கள் கேட்டில் பெண்களை இறக்கிவிடும். அவர்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பது செந்தாமரைதான். நான் நேராகப் போய்த் தையல் மெஷினின் ஸ்விட்ச்சில் டேக்கைக் கட்டினேன். "இனிமே ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் இது ஓடக் கூடாது."

"இன்னாண்ணா, வூட்டையே கம்பெனி ஆக்கிட்டீங்க" என்று மெர்சி சிரித்தாள். செந்தாமரை சிரிக்கவில்லை. நான் விடவில்லை. டேக்கைக் கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது, போன வருஷம் அடுத்தவன் டேக்கை அவிழ்த்த சூப்பர்வைசருக்கு மெமோ கொடுத்தார்கள் என்று பாடம் எடுத்தேன். அவள் டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள்.

பிறகு கீசர் போட்டுக் குளித்தேன். ஏ.சி.யில் உட்கார்ந்து நியூஸ் பார்த்தேன். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

மெர்சி போன பிறகு கட்டியிருக்கலாம். ஆள் பார்க்கக் கட்ட வேண்டும் என்று எனக்கென்ன அவ்வளவு ஆசை?

செப்டம்பர் 14, ஞாயிறு

பகலெல்லாம் டேக் தொங்கத் தொங்கவே தைக்கிறாள். ஆறு மணி அடித்ததும் அவள் மெஷினை விட்டு எழுந்துவிடுகிறாள். பாதித் தையலில் துணி நின்றாலும் சரி. பிறகு தரையில் உட்கார்ந்து கையால் ஹெம்மிங், கொக்கி வைப்பது. போட்டுப் பார்க்க வந்த ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை தளர்ந்திருந்தது. "காலைல பிரிச்சுத் தரேம்மா" என்றாள் இவள். "காலைல அஞ்சுக்கு பஸ்ஸு, எங்கக்கா வர்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டே இரண்டு நிமிஷத் தையல். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து வந்து ஒரு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. சட்டம் போட்டவன் இரண்டாம் வாரமே தளர்த்தினால் மரியாதை என்ன ஆவது — அப்படித்தான் நினைத்தேன். நன்றாக இருக்கிறது என் மரியாதை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஃபோனில் மீட்டர் கணக்கைப் பார்த்தேன். மணிக்கு மணி காட்டுகிறது. ஒரு நாள் மாலைக்கு ஆகிற யூனிட் ஆகஸ்ட்டில் இருந்ததற்கு இப்போது அரை யூனிட்கூடக் குறையவில்லை. எரிச்சல் வந்தது. "அயர்ன் பாக்ஸ் போடறியா?" என்றேன். "அதை எடுத்தே பத்து நாளாச்சு" என்றாள். ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதே என்று சொல்லிவிட்டு ஏ.சி. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எழுதக் கை கூசுகிறது.

காலையில் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் ஸ்பேனர் பெட்டி. தையல் மெஷினை அவள் துடைத்துப் பூ வைத்தாள். டேக்கை மட்டும் தொடவில்லை. அதைச் சுற்றி ஒதுக்கித் துடைத்தாள். "மோட்டாருக்கு நீங்க வச்சிடுங்க, எனக்குக் குனிய முடியல" என்று சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

குனிந்தேன். மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கிறது. நூறு வாட்.

நூறு வாட்! நாலு மணி நேரம் விடாமல் ஓட்டினாலும் அரை யூனிட்டைத் தொடாது. என் கீசர் இரண்டாயிரம். ஏ.சி. ஏழரைக்குப் போட்டால் பத்து வரை. மாலைக் கணக்கு முழுக்க நான்தான். எந்த மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று தகட்டைப் படிக்காமல் ஆலையில் ஒரு டேக் கட்டியிருப்பேனா? வீட்டில் மட்டும் ஏன் படிக்கவில்லை? ஏனென்றால் அது அவளுடைய மெஷின். என்னுடையது எதுவும் எனக்கு லோடாகவே தெரியவில்லை.

சந்தனம் விரலில் காய்ந்துவிட்டது. "இன்னா பாக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

அவிழ்க்கவில்லை.

அக்டோபர் 4, சனி

அவிழ்த்தால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டும். அவள் ஒருவேளை கேட்கவே மாட்டாள் — அது இன்னும் மோசம்.

அக்டோபர் 11, சனி

ஒரு வாரமாக ஏ.சி. போடவில்லை, பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். தொண்டை கட்டினவன் பச்சைத் தண்ணீரில் குளிப்பானா? அவளுக்கு அதுகூடவா தெரியாது? மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். தலை நிமிராமல் குடித்தேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. போன வருஷம் இந்நேரம் முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது, அவ்வளவு துணி. இன்று ஆறு ரவிக்கை இருந்தது. எண்ணிப் பார்த்தேன், திருடன் மாதிரி.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மெர்சி பலகாரம் வாங்கிப் போக வந்தாள். கட்டியிருந்த புடவைக்கு ரவிக்கை இவள் தைத்ததல்ல. செந்தாமரை அதன் தையலை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் தச்சிருக்காங்க" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. கூடவே மெர்சி. யாருக்கு என்று கேட்டேன். "நமக்குத்தான்" என்றாள் செந்தாமரை.

படப்பையில் பஸ் ஸ்டாப் ஓரம் மெர்சியின் சித்திக்கு ஒரு சின்னக் கடை சும்மா கிடந்ததாம். செந்தாமரை பேசி முடித்துவிட்டாள். மதியம் மூன்றிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. ஆகஸ்ட் 28 ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

டிரைவரும் மெர்சியும் மெஷினைத் தூக்க வந்தார்கள். "இருங்க" என்று அவள் அவர்களை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "டேக்கை அவுத்துடுங்க. நீங்க கட்டினது."

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள். மெர்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று. இந்த ஒரு முடிச்சை நாற்பது நாள் முன்பே அவிழ்த்திருந்தால் வண்டி வந்திருக்காதே.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறரைக்கு கேட்டில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. யாரும் காலிங் பெல் அடிக்கவில்லை. காலையில் வைத்த சாம்பாரைச் சுட வைத்துச் சாப்பிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

சங்கக் கூட்டம். மூன்று மாதம் முடிந்தது. கோதண்டராமன் எல்லார் கணக்கையும் திரையில் போட்டார். நவம்பரில் மாலை நேரத்தில் எண்பது வீட்டிலும் குறைவாகச் செலவழித்தது எங்கள் வீடுதான். "ராஜசேகர் சாரைப் பாருங்க, இதான் டிசிப்ளின்" என்றார். கை தட்டினார்கள். மைக்கைக் கையில் கொடுத்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று சொல்லச் சொன்னார்.

"சாயங்காலத்துல எங்க வூட்ல ஆளே இல்ல சார். அதான்" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முடிவு சொல்லும் படிவத்தைக் கொடுத்தார்கள். பகல்-இரவுக் கட்டணம் எங்கள் வீட்டுக்கு இப்போது கனகச்சிதமாகப் பொருந்துகிறது. கையெழுத்துப் போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போனேன்.

கடையில் அவள் மட்டும் இருந்தாள், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "உக்காருங்க, ஒரு கை பாக்கி இருக்கு" என்றாள். போட்டுப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தைத்து முடித்ததும் படிவத்தை நீட்டினேன். "நீ சொல்லு. எதுல இருக்கலாம்?"

வாங்கிப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "செந்தாமரை, அந்த மெஷின் வெறும் நூறு வாட்தான். எனக்கு ஆயுத பூஜை அன்னிக்கே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு மெஷின் வாங்கின அன்னிலேர்ந்தே தெரியுமே. மோட்டார் மாட்டிட்டு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க. நூறு வாட்தான், எவ்ளோ நேரம் வேணா ஓட்டிக்கன்னீங்க."

படிவத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நாளைக்குச் சொல்வதாகச் சொன்னாள். ஷட்டரை நான் இறக்கினேன், பூட்டை அவள் போட்டாள்.