அம்மா கொண்டுவந்த மரக்கறிப் பை

மச்சான் சிவா, என் உயிர்த் தோழனே,

நீ ஓட்டிய கொழும்புப் பாதையில் இப்போது நான்தான் விமானம் ஓட்டுகிறேன். போன வாரம் உன் அம்மா டயகமவிலிருந்து பஸ் மாறி மாறி நுவரெலியா வாவிக்கரைக்கு வந்திருந்தார். கையில் பெரிய பை. கரட், லீக்ஸ், பீட்ரூட், எல்லாம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் அவரே போட்டது. கொழும்பில் இருக்கும் உன் அக்காவுக்காம்.

உனக்குத் தெரியாததா? நம் பக்கத்தில் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். வாங்க மறுத்தால் முகம் வாடிவிடும். நான் மறுத்தேன்.

மதிய வெயில். மிதவை விமானத்தில் மூன்று பயணிகள், அவர்களுடைய பெட்டிகள். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிசு, வெயில் ஏறினால் இன்னும் மெலியும். எஞ்சின் முழுசாக இழுக்காது. இறக்கைக்குப் பிடிப்புக் கிடைக்காது. தண்ணீரை விட்டு எழும்பவே வாவி போதாமல் போகும். இதையெல்லாம் நாம் சேர்ந்துதானே படித்தோம்? ஆனால் இங்கே பிறந்த நமக்கு இதுதான் தரை. மூச்சு வாங்காது, உடம்புக்குக் குளிராக இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். உனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியதா?

"சிவா ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்லயே தம்பி" என்றார் அம்மா.

"இந்த வெயில்ல பாரம் தாங்காதுங்கம்மா" என்றேன். அவருக்கு ஏதோ உறைத்துவிட்டது.

"அப்ப அன்னைக்கும் நான் குடுத்த பை..."

"காத்துதாங்கம்மா காரணம். மலையிலருந்து எறங்குன காத்து" என்றேன்.

அது பொய்யில்லை. விபத்தை விசாரித்தவர்கள் காற்று, வெயில், பாரம் மூன்றையும் சொன்னார்கள். எதிர்க்கரை மரங்களைத் தாண்ட முடியாமல் நீ திருப்பினாய், விமானம் தண்ணீரில் விழுந்தது. பயணிகளைப் படகுக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள். உன்னைத்தான் முடியவில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொன்னேனே, அது சரியா மச்சான்?

பையை நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன். பின்னாலேயே வந்த அம்மா கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பைய ஏத்துனா பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

கண்டக்டர் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அவரை இப்படியே விட முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை டயகமவுக்குப் போய், எதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். பிள்ளைக்குப் பை கொடுப்பது தாயின் வழக்கம். அதை ஏற்றலாமா, வெயில் தணியும்வரை நிற்கலாமா, அன்றைக்குக் கிளம்பாமலே இருக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவன் விமானி. தவறு உன்னுடையதுதான் என்று உன்னைப் பெற்றவரிடமே சொல்வேன். இது சத்தியம்.

கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்திருந்தால் அம்மாவைத் தன்மேல் பழி போட்டுக்கொள்ளவிடாமல் நீயே முந்திக்கொண்டு சொல்லியிருப்பாய்.

என்றும் உன் மச்சான்,
தலவாக்கலை ரபீக்